பின்னணியில் மஞ்சள்

லென்ஸ் மட்டும் இரண்டு கிலோ.
மனிலாவுக்கே திரும்பிவிட்ட ரொமெல்
ரைஸ் குக்கரோடும் இஸ்திரிப் பெட்டியோடும்
இதையும் விற்றான்.
எண்பது ரியால் முன்பணம், மிச்சம் நான்கு தவணை.
வீட்டுக்கு அனுப்பிய கணக்கில்
இதன் பெயர் பல் டாக்டர்.

ஃபலஜ் அல் கபாயிலில் எனக்கு வாய்த்த கொல்லை
பன்னிரண்டு அடி சிமெண்ட்.
இரண்டு கேஸ் சிலிண்டர், ஒரு சாக்கடை மூடி,
மாடி ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்.
மதிலுக்கு அந்தப்பக்கம் கமீஸ் வீட்டு இலந்தை
பாதி நிழலை
இந்தப்பக்கம் போட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை
சமையலறைக் கதவை ஒரு சாண் திறந்து
ஸ்டூலில் உட்கார்ந்து
குழலைச் சந்தில் நீட்டிவைப்பேன்.
சொட்டுக்கு முதலில் வருவது தவிட்டுப்புறா.
பிறகு சின்னான்கள்,
வெள்ளைக் கன்னமும் வாலடியில் மஞ்சளுமாய்,
வரிசை தெரியாத ஜனம்.
மைனா எல்லோரையும் விரட்டிவிட்டுத்
தானும் குடிக்காது.

ஒருநாள் ஒரு சின்னான்
லென்ஸின் விளிம்பிலேயே வந்து உட்கார்ந்தது.
மூன்று மீட்டருக்குள் இதற்குக் கண் தெரியாது.
வ்யூஃபைண்டரில் வெறும் புகை.
தலையை மெதுவாக நகர்த்தி
என் கண்ணாலேயே பார்த்தேன்.
கால்நகத்தில் ஒரு துண்டு நூல் சிக்கியிருந்தது.
அதற்குப் படம் இல்லை.

மார்ச்சில் வந்தது கொண்டலாத்தி.
மதில்மேல் இறங்கி, ஒரே ஒருமுறை,
சீட்டுக்கட்டை விரிப்பதுபோல்
கொண்டையை விரித்து மூடியது.
அந்த விரிப்பில் பதினொரு படம்.
ஏழாவதில்
ஒவ்வோர் இறகின் கருநுனியும் தனித்தனி,
கண்ணில் ஊசிமுனை வெளிச்சம்,
பின்னால் கரையில்லாமல் உருகிய மஞ்சள்.
விடியல் என்று நினைத்தேன்.
மணி ஒன்பதரை என்பது
அப்போது நினைவில் இல்லை.

ஜும்ஆ முடிந்து கமீஸ் வந்தான்.
ஸலாம், நலமா, வேலை நலமா, உடம்பு நலமா,
ஊரில் நலமா,
எல்லாம் முடிந்தபிறகு
இரண்டு கையாலும் காற்றில்
நீளமாக ஒரு குழாய் வரைந்து
புருவத்தை உயர்த்தினான்.

கேமராவைக் கொண்டுவந்து காட்டினேன்.
புறாவுக்குத் தலையசைத்தான்.
மைனாவுக்குச் சிரித்தான்.
கொண்டலாத்தியைப் பார்த்து
"ஹுத்ஹுத்" என்றான்,
வெகுநாள் வராத மச்சானைச் சொல்வதுபோல.
அடுத்ததற்குப் போனவன் பின்னால் வந்தான்.
விரல் திரையைத் தொடாமல் நின்றது,
மஞ்சளின்மேல்.

"துணி" என்றான்.

ஓரமில்லை, மடிப்பில்லை, பூவேலை தெரியவில்லை,
இது வெறும் நிறம்,
உலகத்தில் யாருக்கும் தெரியாது
என்று சொல்லப் பார்த்தேன்.
என் அரபி துறைமுகத்தில்
கேட் பாஸ் வாங்குமளவுக்குத்தான்.
எப்படியோ புரிந்துகொண்டு
"எனக்குத் தெரிகிறதே" என்றான்.
குரலில் கோபம் இருந்திருந்தால்
எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதினொன்றையும் அழித்தேன்.
ஒவ்வொன்றுக்கும் கேமரா கேட்டது, நிச்சயமாகவா என்று.
ஏழாவதில் கட்டைவிரல்
கொஞ்சம் நின்றது.
கமீஸ் இலந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் அவன் மகன்
ஒரு கிண்ணம் இலந்தைப்பழம் கொடுத்துவிட்டு
குழலை ஒருதரம் தொட்டுப்பார்த்து ஓடினான்.
பாதியில் புழு.
மீதி நல்ல இனிப்பு.

அடுத்த வெள்ளி கொடி காலி.
துணிகள் மொட்டைமாடிக்குப் போய்விட்டன;
அண்ணாந்தால் தெரிகிறது, அண்ணாப்பதில்லை.

ஏப்ரலில் கொண்டலாத்தி மறுபடி வந்தது,
அதுவோ வேறொன்றோ.
அதே மதில். இன்னும் நன்றாகவே நின்றது,
கொண்டையை மூன்றுமுறை விரித்தது.
படம் துல்லியம்.
அலகில் ஒட்டிய மண்கூடத் தெரிகிறது.
பின்னால் சாம்பல் சுவர்.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்,
சுவர்தான்.